எடை வந்துட்டு, பெலன் வரல்ல

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு வழக்கமான அறையில் இருந்து பேசலை. ஆலந்தலையில், சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கேன். பின்னால் கேட்கிற இரைச்சல் கடல், மைக் கோளாறு இல்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிற மீனவ ஊர் இது. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களோட வேலை செய்றேன். போன தடவை சிகிச்சை நடக்கும்போது வர்ற அசதி பற்றிப் பேசினோம். நிறைய பேர் எழுதிக் கேட்டது அதுக்கு அடுத்த கட்டத்தைப் பற்றி: "எல்லாம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா மாடிப்படி ஏற முடியலை. ஏன்?" இதுக்குப் பதில் தேடி நான் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கலை. எங்க வீட்டிலேயே ஒருத்தர் இருந்தார்.

சித்தப்பாவுக்கு 58 வயசு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். "சொல்லு பிள்ளே, எனக்கென்ன"ன்னு சொல்லிட்டார். பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன், அப்புறம் ஆறு மாசம் கீமோ. முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகுது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் நோய் இல்லை. நோய்க்கு முன்னாடி 68 கிலோ இருந்தவர், சிகிச்சையில் 59 வரைக்கும் இறங்கி, இப்போ 67-க்கு வந்துட்டார். பார்க்கிறவங்க எல்லாம் "நல்லா தேறிட்டாரே"ன்னு சொல்றாங்க.

ஆனா அவர் வள்ளத்துக்குப் போறதில்லை. பைபர் வள்ளத்தில் நாலு பேர் போவாங்க. வலையை நாலு பேரும் சேர்ந்துதான் இழுக்கணும், வர்ற மீனில் நாலு பேருக்கும் பங்கு. சிகிச்சை முடிஞ்சு நாலு நாள் போயிருக்கார். அவர் இழுக்க வேண்டியதையும் மத்தவங்க இழுத்திருக்காங்க. யாரும் ஒண்ணும் சொல்லலை. அஞ்சாவது நாள் அவரே போகலை. அதுக்கப்புறம்தான் பேச்சு ஆரம்பிச்சது. "ஆஸ்பத்திரியில சரியாயிட்டுன்னு சொல்லிட்டாங்கல்லா, பின்ன என்ன வீட்ல இருப்பு?" சித்திக்குக்கூட மனசுக்குள்ள அந்தக் கேள்வி இருந்தது. நான் போனப்ப சித்தப்பா சொன்ன வார்த்தைதான் இந்தப் பகுதிக்குத் தலைப்பு. "எடை வந்துட்டு மக்கா, பெலன் வரல்ல. நான்தான் சோம்பேறி ஆயிட்டேன் போல."

அவர் சோம்பேறி ஆகலை. அதை அளந்து காட்ட முடியும்.

முதல்ல எடையைப் பற்றிப் பேசிடுறேன். தராசு ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லும். அதில் எலும்பு, தண்ணீர், கொழுப்பு, தசை எல்லாம் சேர்ந்து கிடக்கும். நோயிலும் சிகிச்சையிலும் எடை இறங்கும்போது கொழுப்போட சேர்ந்து தசையும் போகும். திரும்ப ஏறும்போது, உடம்பை அசைக்காம சோறும் கஞ்சியுமா சாப்பிட்டு ஏத்தினா, வர்றதில் பெரும்பங்கு கொழுப்புதான். போனது ஒண்ணு, வந்தது வேற ஒண்ணு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (தூத்துக்குடியில் கடைசியா 1961-ல் நடந்தது) முத்தை எடை மட்டும் பார்த்து விலை சொல்ல மாட்டாங்க. வேறவேற அளவு துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் சலிச்சு, உருண்டை, ஒளி எல்லாம் பார்த்துத்தான் சொல்வாங்க. மனுஷனை மட்டும் தராசில் ஏத்திட்டு "நார்மல்"னு எழுதி அனுப்பிடுறோம்.

இந்தியர்களுக்கு இது இன்னும் சிக்கல். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினாங்க. ரெண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உயரத்துக்கேற்ற எடை, அதாவது பி.எம்.ஐ., ரெண்டு பேருக்கும் 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நோயே இல்லாத ரெண்டு டாக்டர்களுக்கே இந்த வித்தியாசம்.

தசை குறைஞ்சா என்ன ஆகும்? பலம் குறையும், விழுந்துடுவாங்க, அவ்வளவுதானேன்னு நினைக்கலாம். அதுவே பெரிய விஷயம்தான், ஆனா அதோட நிக்கலை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 3,241 பெண்களோட ஸ்கேன் படங்களை எடுத்து ஆராய்ஞ்சாங்க. நோய் மத்த உறுப்புகளுக்குப் பரவாத பெண்கள் இவங்க. 2018-ல் வெளிவந்த ஆய்வு. மூணில் ஒருத்தருக்குத் தசை குறைவா இருந்தது. அவங்களுக்கு இறப்பு அபாயம் மத்தவங்களைவிட 41 சதவீதம் அதிகம். பி.எம்.ஐ. மட்டும் பார்த்திருந்தா இந்தப் பெண்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாங்க. தசை குறைஞ்சதுதான் இறப்புக்குக் காரணம்னு இதை வெச்சுச் சொல்லிட முடியாது. நோய் கடுமையா இருந்தவங்களுக்குத் தசையும் அதிகமா போயிருக்கலாம். ஆனா கவனிக்க வேண்டிய எண் இது.

சரி, அளக்கிறதுக்கு வருவோம். இதுதான் இன்னைக்கு நான் பேச வந்தது.

சித்தி வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதை வழுக்காம சுவரோட ஒட்டிப் போட்டேன். சித்தப்பாவை உட்காரச் சொல்லி, ரெண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கச் சொன்னேன். கையை ஊன்றாம அஞ்சு தடவை முழுசா எழுந்து உட்காரணும், எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. போனில் ஸ்டாப்வாட்ச். ஆசியத் தசைநலிவுப் பணிக்குழுன்னு ஒண்ணு இருக்கு, ஆசிய நாட்டு மருத்துவர்கள் சேர்ந்தது. அவங்க 2019-ல் கொடுத்த அளவுப்படி 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆனா தொடைப் பலம் குறைவு. சித்தப்பா மூணாவது தடவையிலேயே நாற்காலிக் கையைத் தேடினார். மொத்தம் 17 விநாடி. சித்தி வாசல்படியில் நின்னு பார்த்துட்டிருந்தாங்க. தன் புருஷன் ஒரு நாற்காலியில இருந்து எழும்ப மூச்சு வாங்குறதை அவங்க அன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தாங்கன்னு நினைக்கிறேன். வீட்டில் அவர் எப்பவும் கட்டிலைப் பிடிச்சு, சுவரைப் பிடிச்சு எழுந்திருப்பார். அது பழக்கம் மாதிரி தெரியும்.

அப்புறம் கைப்பிடிப் பலம். இதுக்கு டைனமோமீட்டர்னு ஒரு கருவி, நான் பையில் வெச்சிருப்பேன். உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, முழு பலத்தோட அழுத்தணும். ரெண்டு தடவையாவது பார்த்து அதில் பெரிய எண்ணை எடுத்துக்கணும். ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ இருந்தா குறைவுன்னு அதே பணிக்குழு 2019-ல் சொன்னது. சித்தப்பாவுக்கு 30.

அப்போ பாஸ்தானே? இங்கதான் எனக்கு இந்த எல்லைக்கோடுகள் மேல ஒரு வருத்தம். இவர் நாற்பது வருஷம் கயிறு இழுத்த மனுஷன். நோய்க்கு முன்னாடி இவர் கை எவ்வளவு அழுத்தியிருக்கும்? 45? 50? யாருக்கும் தெரியாது, யாரும் அளக்கலை. ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்றவருக்கு 30 என்பது பரவாயில்லை. வலை இழுக்கிறவருக்கு 30 என்பது பங்கு போனதுன்னு அர்த்தம். எல்லைக்கோடு ஊருக்கெல்லாம் பொதுவா போட்டது. அந்தந்த ஆளுக்கு அவரோட பழைய எண்தான் கோடு. அதனால சிகிச்சை தொடங்குற முதல் நாளே கைப்பிடியும் நாற்காலியும் அளந்து பைலில் எழுதணும்னு நான் பார்க்கிற டாக்டர்கள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷ வேலை. சில பேர் செய்றாங்க.

கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒண்ணு ஆக்சாலிபிளாட்டின். அது விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கும். மரத்துப்போகும், குளிர்ச்சி பட்டா சுரீர்னு இருக்கும். கீமோ நடந்த நாட்களில் ஏலம் போடுற இடத்தில் ஐஸ் பெட்டியைத் தொட்டுட்டு, கரண்ட் அடிச்ச மாதிரி கையை உதறியிருக்கார். குளிர் பட்டா சுரீர்ங்கிறது இப்போ இல்லை. மரப்பு இருக்கு. அதனால பிடி தளர்ந்ததில் தசைக்கு எவ்வளவு பங்கு, நரம்புக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுப் பார்க்கணும். மார்பக ஆபரேஷன் ஆன பெண்களுக்கும் இதே மாதிரிதான். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை மட்டும் அளந்து முடிவு கட்டக் கூடாது.

மூணாவது, கெண்டைக்கால் சுற்றளவு. தையல்காரர் டேப் போதும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில், இறுக்காம சுத்தணும். ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைவு, பெண்ணுக்கு 33-க்குக் குறைவுன்னா மேல பரிசோதிக்கணும். இவருக்கு 33. டேப் இல்லாட்டி ஜப்பான்காரங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ரெண்டு கையோட கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் பண்ணி, கெண்டைக்காலைச் சுத்திப் பிடிக்கணும். வளையம் எட்டலைன்னா நல்லது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தா கவனிக்கணும். ஆனா கால் வீக்கம் இருக்கிறவங்களுக்கு இது எதுவும் செல்லாது. நீர் கோர்த்த கால் டேப்பில் நல்ல கால் மாதிரி காட்டும். மெஷின் மேல ஏறி நின்னா "உங்க தசை இத்தனை சதவீதம்"னு சீட்டு கொடுக்குதே, ஜிம்மில் எல்லாம் வெச்சிருக்காங்க, அதையும் நீர்க்கோர்வை ஏமாத்திடும்.

நடை வேகமும் பார்க்கலாம். ஆறு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஆறு விநாடிக்கு மேல ஆனா வேகம் குறைவு. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை: மணலில் அளக்காதீங்க. மணலில் எல்லாரும் மெதுவாத்தான் நடப்போம். சிமெண்ட் தரை வேணும்.

நாற்காலி எண் குறைவு, கெண்டைக்கால் குறைவு. இதுக்குத் தசைநலிவு இருக்கலாம்னுதான் பேர், முடிவு இல்லை. உறுதிப்படுத்தத் தசையையே நேரா அளக்கணும். டெக்ஸான்னு எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேனிலேயே அதைச் செய்யலாம், பெரிய ஊர்களில் கிடைக்கும். ஆனா எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம் வேற ஒண்ணில்.

சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் மூணு சி.டி. ஸ்கேன் கிடக்கு. சிகிச்சைக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்சப்போ ஒண்ணு, போன வருஷம் ஒண்ணு. எல்லாம் வயிற்றை எடுத்தது. ஒவ்வொண்ணுலயும் இடுப்பு முதுகெலும்பின் மூணாவது எலும்பு மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படம் இருக்கும். அந்த ஒரே ஒரு படத்தில் தெரியற தசைப் பரப்பு, உடம்பின் மொத்தத் தசையோட நல்லா ஒத்துப்போகும். கனடாவில் கார்லா பிராடோவும் கூட இருந்தவங்களும் 2008-ல் இதை வெச்சுத்தான், பருமனா இருந்த நோயாளிகளுக்குள்ளேயே தசை வத்தினவங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு காட்டினாங்க. கழுத்து, வாய்ப் புற்றுநோய்க்காரங்களுக்கு வயிற்று ஸ்கேன் இருக்காது. அவங்களுக்குக் கழுத்தெலும்பு மூணாவது மட்டத்தில் பார்க்கிற முறை 2016-ல் வந்தது. வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கிற நம்ம நாட்டுக்கு அது ரொம்ப முக்கியம். விழுங்க முடியாமலே பாதித் தசை போயிருக்கும் அவங்களுக்கு.

அந்தப் படங்களைக் கட்டி திரும்ப வந்திருக்கான்னு பார்க்கத்தான் எடுத்தாங்க. கட்டி இல்லை, சந்தோஷம், மூடிட்டாங்க. அதே படத்தில் முதுகை ஒட்டிய தசை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சுருங்கி வந்ததை யாரும் கேட்கலை. புதுசா காசு செலவில்லை, புதுசா கதிர்வீச்சு இல்லை. தேவைப்படுறது ஒரு மென்பொருளும், அதைப் பார்க்கணும்ங்கிற நினைப்பும். அடுத்த தடவை போறப்ப மூணு சி.டி.யையும் எடுத்துட்டுப் போய்க் கேளுங்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ஒண்ணு மட்டும்: கனடாவில் போட்ட எல்லை எண்களை நம்ம ஆட்களுக்கு அப்படியே ஒட்ட வைக்கக் கூடாது. முதல் ஸ்கேனையும் மூணாவது ஸ்கேனையும் ஒப்பிட்டாலே போதும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பாங்கல்ல, கிட்னிக்காக? அது தசையில் இருந்து வர்ற பொருள். தசை குறைஞ்சவங்களுக்கு அதுவும் குறைவாவே இருக்கும். "கிட்னி சூப்பரா இருக்கு"ன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி இதையும் யோசிக்கணும்.

இப்போ, தசை எப்படிப் போச்சு? நோய், ஆபரேஷன், வாந்தி, சாப்பிடாதது, வாந்தியை நிறுத்தக் கொடுக்கிற ஸ்டீராய்டு, எல்லாத்துக்கும் பங்கு இருக்கலாம். ஆனா அதெல்லாம் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சே. அதுக்கப்புறமும் திரும்பாததுக்குக் காரணம் எங்க அன்புதான். நான் ஒளிக்காம சொல்றேன். "அசையாதீங்க, இருங்க, நான் எடுத்துத் தாரேன்"னு எல்லாத்தையும் சித்தி செய்திருக்காங்க. தண்ணிக் குடத்தைத் தொட விடலை. கூடவே பத்தியம். இறால், நண்டு சூடு, கருவாடு ஆகாது, முட்டை வேண்டாம், கஞ்சி குடிங்க. வாசலுக்கு எதிரே கடல், கரையில் சாளையும் நெத்திலியும் ஏலம் போகுது, இவர் கஞ்சி குடிக்கிறார். நூறு கிராம் சோறில் புரதம் ரெண்டரை கிராம் போல. நூறு கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம். புற்றுநோய் கண்டவங்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல, முடிஞ்சா ஒன்றரை கிராம் வரை புரதம் வேணும்னு ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்லுது. 67 கிலோ ஆளுக்கு 67-லிருந்து 100 கிராம். கஞ்சியில் அது வராது. கிட்னி பிரச்னை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கூட்டணும்.

வெயிட் தூக்கவே கூடாதுன்னு ஒரு பயம், குறிப்பா மார்பக ஆபரேஷன் ஆன அக்காமார்களுக்கு. கை வீங்கிடும்னு. 2009-ல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வெச்சு இதைச் சோதிச்சாங்க. பாதிப் பேர் வாரம் ரெண்டு நாள், மேற்பார்வையில், படிப்படியா எடை தூக்கினாங்க. ஒரு வருஷத்தில் வீக்கத் தொந்தரவு கூடினது அவங்களில் 14 சதவீதம், தூக்காதவங்களில் 29. பயந்ததுக்கு நேர் எதிர். "படிப்படியா"ங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க, நாளைக்கே மீன் கூடையைத் தலையில் ஏத்தச் சொல்லலை.

பெருங்குடல் புற்றுநோய்க்கு 2025-ல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா நோயாளிகள், 889 பேர், கீமோ முடிஞ்சவங்க. மூணு வருஷம் ஆள் வெச்சுப் பின்தொடர்ந்து உடற்பயிற்சி செய்ய வெச்சவங்களில் எட்டு வருஷத்துக்குப் பிறகு உயிரோட இருந்தவங்க 90.3 சதவீதம். புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பினவங்களில் 83.2. இதில் தசையை அளந்து முடிவு சொல்லலை, நடை மாதிரிப் பயிற்சிதான் அதிகம். ஆனா சித்தியை இணங்க வெச்சது இந்த எண்தான்.

யார் வீட்டில் இதை முயற்சி செய்யக் கூடாதுன்னும் சொல்லணும். எலும்பில் நோய் பரவினவங்க, தலைசுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருக்கிறவங்க, வயிற்று ஆபரேஷன் ஆகி ரொம்ப நாள் ஆகாதவங்க, மருத்துவர் பார்க்காம நாற்காலிச் சோதனை செய்ய வேண்டாம். மத்தவங்களுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிக்கணும். அதோட, சிகிச்சை முடிஞ்சப்புறம் காரணமில்லாம எடை இறங்கினா, உடனே ஆஸ்பத்திரி. நோய் திரும்பியிருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், காசநோயா இருக்கலாம். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கினவங்களுக்குத் தைராய்டு குறைஞ்சும் தசை தளரும், அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிஞ்சுடும், மாத்திரையில் சரியாகும்.

சித்தப்பாவுக்குக் கொடுத்த பயிற்சி பெரிசா ஒண்ணும் இல்லை. அதே நாற்காலி. பத்துத் தடவை எழும்பி உட்காரு, இளைப்பாறு, திரும்பச் செய். தண்ணி நிரப்பின ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ, அதில் ஆரம்பிச்சு ரெண்டு, மூணு. வாரம் மூணு நாள். மத்த நாள் நடை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் இருக்கு. என் பங்குக்கு ஒரு யோசனை: பிரஷர் மெஷின் வெச்சிருக்கிற அந்தப் பையில் ஒரு தையல் டேப்பும் போட்டுடுங்க. நாற்காலி எல்லார் வீட்டிலும் இருக்கு.

மூணு மாசம் கழிச்சுப் போன வாரம் திரும்ப அளந்தேன். நாற்காலி 13 விநாடி. கைப்பிடி 32. கெண்டைக்கால் அதே 33, அசையலை. "ஒண்ணும் கூடலியே மக்கா"ன்னு டேப்பைப் பார்த்துக் கேட்டார். பலம் முதல்ல வரும், பருமன் பின்னாலதான் வரும் சித்தப்பான்னேன். இருக்கிற தசையை நரம்பு நல்லா வேலை வாங்கக் கத்துக்கும், புதுத் தசை அப்புறம்தான் கட்டும். எடை 67, அதுவும் அப்படியேதான் இருக்கு.

17 விநாடின்னு முதல் நாள் எழுதின சீட்டைச் சித்தி காலண்டரில் குத்தி வெச்சிருந்தாங்க. வள்ளத்தில் கூடப் போறவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தப்போ அவங்களே எடுத்துக் காட்டியிருக்காங்க. அவர் அந்த நாற்காலியில் தானும் எழும்பி உட்கார்ந்து பார்த்துட்டு, எட்டு விநாடின்னு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாராம். இப்போ வாரத்தில் ரெண்டு நாள் சித்தப்பா கடலுக்குப் போறார். என்ஜினைப் பார்த்துக்கிறார், வலை இழுக்கிறது மத்த மூணு பேர். முழுப் பங்கு இல்லை, முக்கால் பங்கு.

அடுத்த அளவு இன்னும் மூணு மாசம் கழிச்சு. அடுத்த பகுதியில் கதிர்வீச்சுக்கு அப்புறம் விழுங்கக் கஷ்டப்படுறவங்களுக்கு என்ன சாப்பாடு, எப்படிக் கொடுக்கிறதுன்னு பேசுவோம். உங்க வீட்டில் யாராவது அளந்து பார்த்தா, நாற்காலி எண்ணை எழுதி அனுப்புங்க. நாற்காலிக்குக் கை இருந்ததா இல்லையான்னும் சேர்த்து எழுதுங்க. வர்றேன்.